டிக் சத்தத்துக்குள் என்ன இருக்கிறது: சின்னச் சுவிட்சைப் பிரிக்க, சோதிக்க, மாற்ற

மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் என் பட்டறை. மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் பழுது பார்ப்பதுதான் இருபத்திரண்டு வருடப் பிழைப்பு. "மோட்டார் போயிடுச்சு" என்று தூக்கிக்கொண்டு வரும் பொருள்களைத் திறந்து பார்த்தால், பல நேரம் மோட்டார் கல்லுமாதிரி நன்றாக இருக்கும். அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கட்டைவிரல் நகம் அளவுச் சுவிட்ச் கருகிப் போயிருக்கும்.

போன ஐப்பசி மழையில் எங்கள் தெரு மாமி ஒருவர் கூப்பிட்டனுப்பினார். செமி ஆட்டோமேடிக் மெஷின். துவைக்கிற பக்கம் ஓடுகிறது, பிழிகிற பக்கம் அசையவில்லை. "தம்பி, பார்க்க வந்தவர் மோட்டாரே மாத்தணும்னுட்டுப் போனார். மழைக்காலத்துல ஈரத்துணிய வெச்சிண்டு நான் என்ன பண்றது?" என்றார். பின்பக்க மூடியைக் கழற்றினேன். பிழிகிற தொட்டியின் மூடியை மூடினால், அதன் கீல் ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தும், அது ஒரு சுவிட்சை அழுத்தும், அப்போதுதான் மோட்டாருக்குக் கரண்ட் போகும். மூடியைத் திறந்து மூடிப் பார்த்தேன். கேட்க வேண்டிய 'டிக்' கேட்கவில்லை.

அந்த 'டிக்' எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சேர்ப்பது சுலபம், பிரிப்பதுதான் பாடு

இரண்டு கம்பி முனைகளைத் தொடவைத்தால் கரண்ட் ஓடும், எடுத்தால் நிற்கும். சுவிட்ச் என்றால் இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கரண்ட் சட்டென்று நிற்காது. முனைகள் விலகத் தொடங்கும்போது நடுவில் இருக்கும் காற்று வழியாகவே பாயும். அதுதான் நாம் பார்க்கும் நீலப் பொறி. வெல்டிங் பட்டறையில் தெரிகிற அதே சமாசாரம், சின்ன உருவில். அந்தப் பொறியின் சூடு ஆயிரக்கணக்கான டிகிரி. உலோக முனையை அது கொஞ்சம் கொஞ்சமாக உருக்கி, பள்ளம் பறித்து, கரியைப் பூசிவிட்டுப் போகும்.

மெதுவாகப் பிரித்தால் பொறி நீண்ட நேரம் நிற்கும். வேகமாகப் பிரித்தால் சீக்கிரம் அணையும். ஆகவே சுவிட்ச் செய்கிறவர்களின் தலையாய கவலை, முனைகளை எவ்வளவு வேகமாகப் பிரிப்பது என்பதே. நம் விரலை நம்ப முடியாது. ஒருவர் படாரென்று தட்டுவார், ஒருவர் தயங்கித் தயங்கி அழுத்துவார். 1884-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்பவர் இதற்கு வழி கண்டார். விரலுக்கும் முனைக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங். விரல் எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும், ஒரு கட்டத்தைத் தாண்டியதும் ஸ்பிரிங் தானாகவே முனையைச் சுண்டிவிடும். இன்றைக்கு நம் சுவரில் இருக்கும் சுவிட்சும் இந்த யோசனையில்தான் ஓடுகிறது.

அதைச் சின்னதாகச் சுருக்கியது மைக்ரோ சுவிட்ச். 1932-இல் அமெரிக்காவில் ஃப்ரீபோர்ட் என்ற ஊரில் பீட்டர் மெக்கால் என்பவர் உருவாக்கினார். 'மைக்ரோ சுவிட்ச்' என்பது ஒரு கம்பெனியின் பெயர்தான், 1950-இல் அதை ஹனிவெல் வாங்கிக்கொண்டது. நம்மூரில் யார் செய்தாலும் அதற்கு அதே பெயர்தான், நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்கிற மாதிரி.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்

பழைய மைக்ரோ சுவிட்ச் ஒன்று கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். பக்கவாட்டில் மூடியும் உடம்பும் சேரும் கோடு தெரியும். பேப்பர் கட்டர் முனையை அதில் விட்டு மெல்லத் திருப்பினால் மூடி கழன்றுவிடும். (கட்டர் முனைக்கு எதிரே மற்றொரு கையை வைக்காதீர்கள். என் இடது கட்டைவிரலில் இருக்கும் தழும்பு அப்படி வந்தது.)

உள்ளே நீளவாக்கில் ஒரு மெல்லிய செப்புத் தகடு. அதன் நடுவே வெட்டி வளைத்த ஒரு நாக்கு, வில் மாதிரி நிற்கும். தகட்டின் நுனியில் கடுகு அளவு வெள்ளிப் பொட்டு. அதற்கு மேலே ஒரு பொட்டு, கீழே ஒரு பொட்டு. சும்மா இருக்கும்போது நுனி மேல் பொட்டைத் தொட்டபடி இருக்கும். மேலே உள்ள பிளாஸ்டிக் பொத்தானை ஊசியால் மிக மெதுவாக அழுத்துங்கள். ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம். ஒன்றும் நடக்காது. திடீரென்று நுனி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் கீழே பாயும். டிக்! பொத்தான் நகர்ந்தது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இப்போது பொத்தானை மெல்ல விடுங்கள். போன அதே இடத்தில் நுனி திரும்பாது. இன்னும் சற்று மேலே வந்த பிறகே திரும்பும். இந்த இடைவெளி வேண்டுமென்றே வைத்தது. அது இல்லாவிட்டால், அதிர்கிற மெஷினில் சுவிட்ச் ஆன் ஆஃப் ஆன் ஆஃப் என்று உதறிக்கொண்டே கிடக்கும்.

மாமியின் சுவிட்சை இப்படித் திறந்தபோது கீழ்ப் பொட்டில் எரிமலை வாய்போல ஒரு குழி. நுனிப் பொட்டு அந்தக் குழியின் கரியில் சிக்கி, கரண்ட் போகாமல் கிடந்தது. ஊசியால் தட்டியதும் விட்டது.

மூன்று கால்கள்

பெரும்பாலான மைக்ரோ சுவிட்சில் மூன்று கால்கள் இருக்கும். உடம்பில் அச்சடித்திருப்பார்கள்: காமன், என்.சி., என்.ஓ. காமன் என்பது நடுவில் அசையும் தகடு. என்.சி. என்பது அழுத்தாதபோது அதோடு சேர்ந்திருப்பது. என்.ஓ. என்பது அழுத்தினால் சேர்வது.

எதை எங்கே போடுவது? வேலையைச் சொல்லிப் பாருங்கள், தானாக விடை வரும். வாஷிங் மெஷின் மூடி 'அழுத்தினால் ஓட வேண்டும்', ஆகவே காமனும் என்.ஓ.வும். ஃபிரிட்ஜ் கதவு 'அழுத்தினால் விளக்கு அணைய வேண்டும்', ஆகவே காமனும் என்.சி.யும். மூன்று காலும் வேலை செய்யும் இடத்துக்கு உங்கள் வீட்டு மாடிப்படி விளக்கைப் பாருங்கள். கீழே ஒரு டூ-வே சுவிட்ச், மேலே ஒன்று. இரண்டிலும் காமன் ஒன்று, மாறுகிற கால் இரண்டு. அங்கே 'டிக்' சத்தம் பெரிது, ஆனால் கணக்கு அதே கணக்கு.

கால்கள் ஆறு இருந்தால், இரண்டு சுவிட்சுகளை ஒரே பொத்தானில் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பொம்மைக் கார் மோட்டாரை முன்னும் பின்னும் ஓடவைக்க மாணவர்கள் கேட்பது இதைத்தான். நடுக்கால் இரண்டில் மோட்டார், ஒரு ஓரத்துக் கால் இரண்டில் பேட்டரி, எதிர் ஓரத்துக்கு அதே பேட்டரி வயர்களைக் குறுக்கே மாற்றிப் போட்டால் சரி.

மல்டிமீட்டர் சொல்வதும் சொல்லாததும்

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை ஆஃப் செய்தால் போதாது, பிளக் கையில் வர வேண்டும். அப்புறம் சுவிட்சின் ஒரு வயரையாவது கழற்றுங்கள், இல்லையென்றால் மோட்டார் சுருள் வழியாகச் சுற்றிவந்து மீட்டர் ஏமாற்றும். கழற்றும் முன் செல்போனில் ஒரு படம். இதைச் செய்யாமல் அரை நாள் முழித்தவன் சொல்கிறேன்.

மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து காமனையும் என்.சி.யையும் தொட்டால் கத்த வேண்டும், அழுத்தினால் நிற்க வேண்டும். காமன், என்.ஓ. இதற்கு நேரெதிர். பத்து முறையாவது அழுத்திப் பாருங்கள். ஏழு முறை கத்தி மூன்று முறை ஊமையானால் அந்தச் சுவிட்ச் போய்விட்டது.

பத்துக்குப் பத்து கத்தினாலும் சந்தேகம் போகாது. மீட்டர் அனுப்புவது மிகச் சின்னக் கரண்ட். ஒரு முடி அளவுக்கு ஒட்டியிருந்தாலே அது கத்திவிடும். ஆனால் மோட்டாருக்கு அந்த முடி பத்தாது, சூடாகி விட்டுவிடும். இதற்கு நான் செய்வது: 12 வோல்ட் பைக் பேட்டரி, பைக்கின் பிரேக் லைட்டில் வரும் 21 வாட் பழைய மாதிரி பல்பு, சுவிட்ச், மூன்றையும் வரிசையாகக் கட்டுவேன். சுமார் ஒன்றே முக்கால் ஆம்பியர் ஓடும். பல்பு எரியும்போதே மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து சுவிட்சின் இரண்டு காலுக்கும் குறுக்கே பிடியுங்கள். நல்ல சுவிட்ச் 100 மில்லிவோல்ட்டுக்குள் காட்டும். கால் வோல்ட், அரை வோல்ட் என்று ஏறினால் உள்ளே குழி விழுந்திருக்கிறது. மாமியின் சுவிட்ச் தட்டி விட்ட பிறகு பீப் சோதனையில் பாஸாகிவிட்டது. இதில் 0.8 காட்டியது. பொட்டை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி போடலாமே என்பார்கள். மேலே உள்ள வெள்ளி தேய்ந்ததும் அடியில் இருக்கும் செம்பு வந்துவிடும், ஒரு மாதத்தில் திரும்ப வருவார்கள்.

உடம்பில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

'5 ஆம்பியர் 250 வோல்ட் ஏசி' என்று இருந்தால், அந்த 'ஏசி' ரொம்ப முக்கியம். அறையைக் குளிர்விக்கிற ஏசி இல்லை, திசை மாறி மாறி ஓடும் கரண்ட். நம் வீட்டு ஏசி கரண்ட் ஒரு நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் பொறி தானாக அணைய ஒரு வாய்ப்பு. பேட்டரியிலிருந்து வருவதுபோல ஒரே திசையில் ஓடும் டிசி கரண்டுக்கு அந்த மூச்சு விடும் நேரமே கிடையாது, பொறி பிடித்தால் பிடித்ததுதான். 250 வோல்ட் ஏசியில் 15 ஆம்பியர் தாங்கும் மைக்ரோ சுவிட்ச், 125 வோல்ட் டிசியில் சுமார் அரை ஆம்பியருக்குத்தான் லாயக்கு. மாடியில் சோலார் பேனல் போட்டுவிட்டு வீட்டு சுவிட்சை அதில் கட்டுகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, மோட்டார். பல்புக்கு எழுதிய ஆம்பியர் மோட்டாருக்குப் பொருந்தாது. ஓடும்போது இரண்டு ஆம்பியர் எடுக்கும் மோட்டார், கிளம்பும்போது அதைப்போல நாலைந்து மடங்கு இழுக்கும். நிறுத்தும்போது சுருளில் தேங்கிய சக்தியைப் பொறியாகக் கக்கும். ஓடுகிற கரண்டுக்கு மூன்று மடங்காவது எழுதிய சுவிட்சை வாங்குவது என் வழக்கம்.

இதற்கு நேரெதிராக ஒரு வியாதியும் உண்டு. பெரிய ஆம்பியர் சுவிட்சைச் சின்னக் கரண்டில் போட்டால் அதுவும் சில நாளில் ஊமையாகும். வெள்ளிக் கொலுசு கறுக்கிற மாதிரி வெள்ளிப் பொட்டின் மேலும் ஒரு படலம் படியும். பெரிய கரண்ட் என்றால் அதன் பொறியே படலத்தை எரித்துவிடும், சில மில்லிஆம்பியருக்கு அந்தத் திராணி இல்லை. அதனால்தான் சிக்னல் வேலைக்குத் தங்க முலாம் பூசிய பொட்டு வைத்த சுவிட்ச் வருகிறது. கூவம் ஓரத்து வீடுகளில் வெள்ளி சீக்கிரம் கறுப்பதற்குக் காரணம், சாக்கடை நாற்றத்தோடு வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கதையே வேறு, அங்கே உப்புக் காற்று ஸ்பிரிங்கையும் திருகாணியையும் அரிக்கும். கடற்கரையிலிருந்து இரண்டாவது தெருவில் ஒரு வீட்டு கேட்டில் காலிங் பெல் சுவிட்சை மூன்று வருடத்தில் மூன்று முறை மாற்றினேன். நாலாவது முறை ரப்பர் மூடி போட்ட நீர் புகாத பொத்தானை வைத்தேன். இன்னும் அடிக்கிறது.

வீட்டுக்குள் ஒரு சுற்று

மிக்ஸியைத் தலைகீழாகத் திருப்பினால் அடியில் சிவப்பாக ஒரு பொத்தான். அதுவும் சுவிட்ச்தான், ஆனால் அழுத்துவது நீங்கள் இல்லை, சூடு. இரண்டு உலோகத்தை ஒட்டிய தகடு, அளவுக்கு மேல் கரண்ட் போனால் சூடாகி வளைந்து துண்டித்துவிடும். இட்லி மாவைக் கெட்டியாகப் போட்டு அரைத்து நின்றுபோனால், ஐந்து நிமிடம் ஆறவிட்டு அந்தப் பொத்தானை உள்ளே அழுத்துங்கள். மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, நான் பொத்தானை அழுத்தித் திருப்பிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர். அதற்குக் காசு வாங்குவதில்லை.

இண்டக்‌ஷன் அடுப்பின் பட்டன் படலத்துக்கு அடியில் இருப்பது டாக்ட் சுவிட்ச், ஆறு மில்லிமீட்டர் சதுரம். உள்ளே குழிந்த தகட்டு மூடி ஒன்று, அழுத்தினால் தவளைப் பொம்மை மாதிரி 'டக்' என்று உள்வாங்கும். தாங்குவது பெரும்பாலும் 12 வோல்ட், 50 மில்லிஆம்பியர்தான். சமையலறை ஆவி புகுந்தால் தொடாமலே சூட்டளவு ஏறி இறங்கும். இதில் நாலு கால், ஆனால் இரண்டிரண்டாக உள்ளேயே சேர்ந்தவை. எது எதோடு என்று குழப்பமாக இருந்தால் மூலைவிட்டமாக எதிரெதிர் இரண்டு காலை எடுத்துக்கொள்ளுங்கள், எப்போதும் சரியாக இருக்கும்.

இதை ஆர்டுவினோவில் (நிரல் எழுதி ஓட்டும் சின்ன சிப் போர்டு) கட்டும் பிள்ளைகள், "அண்ணே, ஒரு தடவைதான் அழுத்துறேன், மூணுன்னு எண்ணுது" என்று வருவார்கள். தகடு மோதியதும் கேரம் காய் போலச் சில மில்லிநொடி துள்ளும். நம் கைக்குத் தெரியாது, சிப்புக்குத் தெரியும். முதல் தொடுதலுக்குப் பின் 20 மில்லிநொடி காதைப் பொத்திக்கொள்ளும்படி நிரலில் எழுதினால் தீர்ந்தது.

மைக்ரோவேவ் அவன் கதவில் மூன்று மைக்ரோ சுவிட்ச். இரண்டு, கதவு மூடினால் மட்டும் கரண்ட் விடும். மூன்றாவது காவல்காரன். முதல் இரண்டில் ஒன்று ஒட்டிக்கொண்டு கதவு திறந்தும் கரண்ட் போனால், அது வேண்டுமென்றே ஷார்ட் செய்து ஃபியூஸைப் போக்கிவிடும். மைக்ரோவேவ் அவனை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 2,000 வோல்ட் அளவில் தேக்கி வைத்திருக்கக்கூடும். நானே அதைத் தனியாக இருக்கும்போது தொடமாட்டேன்.

மெட்ராஸ்காரர்களுக்கு ஒன்று: தொட்டி மிதவை

சம்ப்பில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுவதும், மொட்டை மாடித் தொட்டி நிரம்பித் தெருவில் ஓடுவதும் நம்மூர் நித்தியக் காட்சி. கேபிள் மிதவைக்குள்ளும் ஒரு மைக்ரோ சுவிட்ச்தான், அழுத்துவது உருளும் ஓர் இரும்புக் குண்டு. மிதவை சாய்ந்தால் குண்டு உருண்டு சுவிட்சை அழுத்தும். ஆட்டிப் பார்த்தால் சத்தம் கேட்கும்.

மேல் தொட்டியில், மிதவை தொங்கும்போது சேர்ந்து, நிமிர்ந்தால் பிரிகிற ஜோடி வயரை எடுங்கள். சம்ப்பில், நிமிர்ந்திருக்கும்போது சேர்ந்து, தொங்கினால் பிரிகிற ஜோடி. நிறத்தை நம்பாமல் மீட்டரை வைத்து மிதவையைச் சாய்த்துக் கண்டுபிடியுங்கள். இரண்டையும் வரிசையாகக் கட்டி, ஒரு கான்டாக்டரின் (சின்னக் கரண்டால் இயங்கி, பெரிய கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்) காயிலுக்குக் கொடுங்கள். மோட்டாரின் கரண்ட் கான்டாக்டர் வழியாகப் போகட்டும். ஒரு எச்.பி. மோட்டார் கிளம்பும்போது இழுப்பதை மிதவை வழியாக நேராக விட்டால், இரண்டு கோடையைத் தாண்டாது. தண்ணீருக்குள் வயர் போவதால் கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். போர்டு வேலை தெரியாதென்றால் இந்த இடத்தில் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வாங்குவதும் மாட்டுவதும்

எலக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகும்போது பழைய சுவிட்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். "வாஷிங் மெஷின் சுவிட்ச்" என்று கேட்டால் கடைக்காரர் பத்துப் பெட்டியைக் காட்டுவார். பெரிய அளவில் திருகாணித் துளைகளுக்கு இடையே சுமார் 22 மில்லிமீட்டர், சின்ன அளவில் ஒன்பதரை. லீவர் நீளமா குட்டையா, நுனியில் ரோலர் உண்டா, கால் தகட்டின் அகலம் 4.8-ஆ 6.3-ஆ என்று பாருங்கள், இல்லையென்றால் வயர் முனையில் இருக்கும் பழைய லக் ஏறாது. வாங்கும் முன் காதருகே வைத்து மெதுவாக அழுத்துங்கள். சத்தம் கூர்மையாக, ஒரே இடத்தில் வர வேண்டும். மந்தமாக 'தப்' என்றால் வேறு கடை. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலும் ஷட்டர்தான் இருக்கும்.

மாட்டும்போது சுவிட்ச் எப்போதும் ஃபேஸ் வயரில் இருக்கட்டும். நியூட்ரலில் போட்டால் ஆஃப் செய்த பிறகும் மெஷின் உள்ளே ஷாக் காத்திருக்கும். லக் தளர்வாக இருந்தால் மூக்குப் பிளையரால் ஒரு பிடி பிடியுங்கள், தளர்ந்த லக் சுவிட்சைவிடச் சீக்கிரம் கருகும். திருகாணியை இறுக்கி அழுத்தாதீர்கள், உடம்பு கோணினால் உள்ளே தகடு உரசும்.

கடைசியாக லீவர் சரிபார்ப்பு. 'டிக்' கேட்ட பிறகும் லீவர் இன்னும் ஒரு மில்லிமீட்டர் போக இடம் வேண்டும், அதற்கு மேல் நசுங்கக் கூடாது. விட்டதும் முழுதாகத் திரும்பி 'டிக்' என்று பதில் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது டிக்கை மாமி வீட்டில் நான் கேட்கவில்லை. மழை வலுக்குமுன் கிளம்பும் அவசரம். லீவரைக் கொஞ்சம் அதிகம் வளைத்துவிட்டேன்.

இரண்டு நாளில் போன். "தம்பி, நன்னாப் பிழியறது. ஆனா மூடியத் திறந்தாலும் நிக்க மாட்டேங்கறது, உர்ருன்னு உறுமிண்டே இருக்கு."

மூடி திறந்ததும் பிரேக் பிடித்துவிட்டது, கரண்ட் நிற்கவில்லை, மோட்டார் பிரேக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு ஓடினேன். லீவரை மூக்குப் பிளையரால் ஓர் இழை பின்னுக்கு வளைத்து, மூடியை இருபது முறை திறந்து மூடினேன். நாற்பது டிக். மாமி பக்கத்தில் நின்று எண்ணினார்.